வைத்தியம் செய்யாதிருப்பது தவக்குலா? முதியோர் கேட்கும் ஒரு மஸ்அலா

ஐம்பது வயதைக் கடந்த ஆண்களுக்கு வரக்கூடிய, ஆனால் வெட்கத்தின் காரணமாக வீட்டில் யாரும் வாய் திறந்து பேசாத வியாதி ஒன்று உண்டு. சிறுநீர்ப் பைக்குக் கீழே, சிறுநீர்க் குழாயைச் சுற்றி அமைந்துள்ள புராஸ்டேட் என்னும் சுரப்பியில் உண்டாகும் புற்று நோய் அது. வீட்டில் பேசாதவர்கள் மஸ்அலா கேட்க வந்த இடத்தில் பேசுகிறார்கள். “ஹஜ்ரத், எனக்கு ஒரு தொந்தரவும் இல்லை. மகன் பரிசோதனைக்கு வரச் சொல்லி வற்புறுத்துகிறான். போகாவிட்டால் பாவமா? போய், நோய் இருப்பதாகச் சொல்லிவிட்டால், ஆபரேஷன் வேண்டாமென்று இருப்பது என்னை நானே அழித்துக் கொள்வதாகுமா?” என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. ஒரே வார்த்தையில் ஆம், இல்லை என்று சொல்லிவிட முடியாத கேள்வியுங்கூட.

வைத்தியம் செய்து கொள்ளலாமா என்று கிராமத்து அரபிகள் வினவியபோது, செய்து கொள்ளுமாறு கண்மணி நாயகம் (ஸல்) அவர்கள் பணித்தார்கள் என்பதையும், முதுமையைத் தவிர ஏனைய நோய்களுக்கெல்லாம் மருந்து உண்டு என்று அறிவித்தார்கள் என்பதையும் நாம் அறிவோம். ஆனால் எல்லா வைத்தியமும் ஒரே தரத்தில் உள்ளதல்ல. இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்கள் இஹ்யாவில், தவக்குலைப் பற்றிய பாடத்தில், இதனை மூன்றாகப் பிரிக்கிறார்கள். பசிக்கு ரொட்டியும் தாகத்துக்குத் தண்ணீரும் போல நிச்சயமானவை முதல் வகை; உயிருக்கு அஞ்சும் நிலையில் இவற்றை விடுவது தவக்குல் ஆகாது, ஹராமேயாகும். இரத்தம் குத்தி எடுப்பதும் பேதி மருந்தும் போல, பயன் தரக்கூடும் என்று பெரும்பாலும் எண்ணத்தக்கவை இரண்டாவது. சூடு போடுவது போன்ற, வெறும் யூகத்தில் நிற்பவை மூன்றாவது. ஆகவே ஒரு வைத்தியத்தை விடுவது குற்றமா என்று கேட்பவர், அது எந்த வகை என்று முதலில் கேட்க வேண்டும். அதைச் சொல்ல வேண்டியவர் ஆலிம் அல்லர், டாக்டர்.

டாக்டர்கள் என்ன சொல்கிறார்கள்? பி.எஸ்.ஏ. என்னும் இரத்தப் பரிசோதனையே இதற்கு முதற்படி. ஆனால் அந்த அளவு கூடியவர் எல்லோருக்கும் புற்று நோய் இல்லை. வயதானால் சுரப்பி சாதாரணமாகவே பெருக்கும்; கிருமி தாக்கினாலும் அளவு ஏறும். சந்தேகமிருந்தால் எம்.ஆர்.ஐ. படம் எடுத்து, பின்னர் ஊசியால் சதை எடுத்துப் பார்ப்பார்கள். அவ்வாறு கண்டுபிடிக்கப்படும் புற்றுகளிலும் பல, ஆமை வேகத்தில் வளர்பவை. மனிதர் வேறு காரணத்தால் மௌத்தாகும் வரை அவருக்குத் தீங்கே செய்யாதவை. ஐரோப்பாவில் எட்டு நாடுகளில் 55 முதல் 69 வயது வரையிலான ஆண்களை 23 ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து, 2025ல் முடிவை வெளியிட்டார்கள். பரிசோதனைக்கு அழைக்கப்பட்டவர்களிடையே இந்நோயால் நேர்ந்த மரணம் 13 சதவீதம் குறைந்திருந்தது. கணக்கிட்டால், 456 பேரை அழைத்ததில் ஒரு மரணம் தவிர்க்கப்பட்டது. அமெரிக்காவின் நோய்த் தடுப்பு ஆலோசனைக் குழு 2012ல் இப்பரிசோதனை வேண்டாமென்றது. 2018ல், 55 முதல் 69 வரை உள்ளோர் டாக்டருடன் கலந்து தாமே முடிவு செய்யட்டும், 70க்கு மேல் தேவையில்லை என்று மாற்றிக் கொண்டது.

இது பசிக்கு ரொட்டி அன்று என்பது விளங்குகிறதல்லவா? தொந்தரவு எதுவும் இல்லாதவர் பரிசோதனை செய்து கொள்வது நல்லதே. செய்யாவிட்டால் பாவி என்று சொல்ல எந்த ஆலிமுக்கும் உரிமை இல்லை. தகப்பனுக்கோ உடன்பிறந்தானுக்கோ இந்நோய் வந்திருந்தால் ஆபத்து கூடுதல். அவர் டாக்டரைக் கலந்து கொள்வதே எனக்குச் சரியாகப் படுகிறது. சிறுநீரில் இரத்தம் வருபவர், சிறுநீர் அடைபட்டுத் துடிப்பவர், தீராத எலும்பு வலி உள்ளவர் கதை வேறு. அவர் வீட்டில் உட்கார்ந்து கொண்டு தவக்குல் என்று சொன்னால், அந்தப் பெயருக்குள் இருப்பது வெட்கமும் பயமுமே. அவ்ரத்தை டாக்டர் பார்ப்பாரே என்ற கூச்சம் பலரைத் தடுக்கிறது. தேவையான அளவுக்கு மருத்துவர் பார்க்கலாம், தொடலாம் என்று ஃபிக்ஹு கிதாபுகள் எல்லாம் அனுமதித்த விஷயம் இது.

நோய் உறுதியானால் அடுத்த சிக்கல், எந்த வைத்தியம் என்பது. நோய் சுரப்பிக்குள்ளேயே அடங்கியிருந்த 1643 பேரை பிரிட்டனில் மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவுக்கு ஆபரேஷன், ஒன்றுக்குக் கதிர் வைத்தியம், மற்றொன்றுக்கு அவ்வப்போது பரிசோதித்துக் கண்காணித்தல். சுமார் 15 ஆண்டுகளுக்குப் பின் (2023ல் வெளியான முடிவு) இந்நோயால் இறந்தவர்கள் முறையே 2.2, 2.9, 3.1 சதவீதம்; ஏறத்தாழ ஒன்றே. கண்காணிப்பில் இருந்தவர்களில் 9.4 சதவீதம் பேருக்கு நோய் வேறிடம் பரவியது. மற்ற இரு பிரிவிலும் அதில் பாதியளவே. அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பின்னர் ஆபரேஷனோ கதிர் வைத்தியமோ செய்து கொண்டார்கள் என்பதையும் மறைக்கக் கூடாது. மறுபக்கம், ஆபரேஷன் செய்தவர்களில் 46 சதவீதம் பேர் ஆறு மாதத்தில் சிறுநீர்க் கசிவுக்காகத் துணி வைக்க நேர்ந்தது; ஆறு ஆண்டுகளுக்குப் பிறகும் 17 சதவீதம் பேர். தாம்பத்திய சக்தியும் பலருக்குக் குன்றியது. பரவிவிட்ட நோய்க்கும், வேகமாக வளரும் வகைக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது.

மரணம் ஏறத்தாழ ஒன்றே, துன்பம் மட்டும் வெவ்வேறு என்றால், தேர்ந்தெடுப்பவர் யார்? வலிப்பு நோயுற்ற ஒரு பெண்மணி நாயகம் (ஸல்) அவர்களிடம் வந்து துஆ செய்யக் கேட்டார். பொறுத்துக் கொண்டால் சுவர்க்கம், விரும்பினால் சுகத்துக்குத் துஆ என்று இரண்டையும் அவர் முன் வைத்தார்கள். அப்பெண்மணி பொறுமையைத் தேர்ந்தார். வலிப்பின்போது ஆடை விலகாதிருக்க மட்டும் துஆ வேண்டினார். புகாரியிலும் முஸ்லிமிலும் உள்ள செய்தி இது. முடிவு நோயாளியின் கையில் விடப்பட்டதைக் கவனியுங்கள். இன்று நம் வீடுகளில் நடப்பதென்ன? மகன்கள் டாக்டரின் அறைக்குள் போகிறார்கள். வாப்பா வெளியே நாற்காலியில் இருக்கிறார். நோயின் பெயரைக்கூட அவரிடம் சொல்வதில்லை. எழுபத்தெட்டு வயதில் அவரை ஆபரேஷன் மேஜைக்கு அனுப்பிவிட்டு, கடமையைச் செய்தோம் என்கிறார்கள். அவருக்கு வஸிய்யத்து எழுத வேண்டியிருக்கும், கடன் தீர்க்க வேண்டியிருக்கும், களாத் தொழுகைகள் பாக்கி இருக்கும். அன்பினால் மறைத்தாலும் அது அவருடைய உரிமையைப் பறிப்பதே.

மனைவியையும் கேட்க வேண்டும். அஸ்ல் செய்வதற்கே மனைவியின் சம்மதம் வேண்டும் என்று ஹனஃபி இமாம்கள் கூறியிருக்க, தாம்பத்தியத்தையே பாதிக்கக்கூடிய வைத்தியத்தை அவளிடம் சொல்லாமல் முடிவு செய்வது எவ்விதத்தில் நியாயம்?

ஆபரேஷனுக்குப் பின் சிறுநீர் கசிகிறதே, தொழுகை கூடுமா என்று அஞ்சி ஜமாஅத்தை விட்டுவிட்டவர்கள் உண்டு. அஞ்ச வேண்டாம். அவர் மஃதூர். ஷாஃபிஈ மத்ஹபில், வக்து வந்தபின் சுத்தம் செய்து, துணி கட்டி, ஒவ்வொரு ஃபர்ளுக்கும் வுளூச் செய்து, தாமதியாமல் தொழ வேண்டும். ஹனஃபி மத்ஹபில் ஒரு வக்துக்கு ஒரு வுளூப் போதும். இடையில் கசிந்தது தொழுகையைக் கெடுக்காது.

எலும்பு வரை பரவிய நோய்க்கு விதைகளை அகற்றுவது அல்லது ஊசியால் அவற்றின் சுரப்பை நிறுத்துவது ஒரு வைத்தியம். 1941ல் சார்லஸ் ஹக்கின்ஸ் இதன் பயனைக் காட்டினார். 1966ல் நோபல் பரிசு பெற்றார். காயடிப்பது ஹராமாயிற்றே என்று தயங்குகிறார்கள். இச்சையை ஒழித்துத் துறவு பூண நினைத்தவர்களுக்கே அந்தத் தடை வந்தது. உயிரைக் காக்க நோயுற்ற உறுப்பை நீக்குவது அதில் சேராது.

ரமளானில் பரிசோதனைக்குப் போகிறவர்களுக்கு ஒன்று. இரத்தம் எடுப்பதால் நோன்பு முறியாது. ஆனால் பின்துவாரத்தில் விரல் விட்டுச் சோதிப்பது ஷாஃபிஈ மத்ஹபில் நோன்பை முறிக்கும். ஹனஃபியில் காய்ந்த விரலால் முறியாது என்றாலும், டாக்டர்கள் பசை தடவியே சோதிப்பதால் அங்கும் முறியும். அவசரம் இல்லையென்றால் இஃப்தாருக்குப் பின்னரோ பெருநாள் கழித்தோ நேரம் கேட்டு வாங்கிக் கொள்ளலாம். அவசரமானால் செய்து கொண்டு, அந்த நோன்பைக் களாச் செய்யவும்.