கண்டும் காணாதிருத்தல்

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமைகளில் நோயாளர்க்கும் முதியோர்க்கும் நற்கருணை கொண்டு செல்வது பங்குப் பணியாளரின் வழக்கம். நாம் முன்னர்ப் பணியாற்றிய பங்கொன்றில், தனித்து வாழ்ந்த மூதாட்டி ஒருவரின் இல்லத்திற்கும் அவ்வாறு சென்று வந்தோம். கணவர் மறைந்து பல்லாண்டுகள் ஆகியிருந்தன. மகன் வளைகுடா நாடொன்றிலும், மகள் சென்னையிலும் இருந்தனர். நம் குரல் கேட்டதும் சுவரைப் பற்றியபடி எழுந்து வந்து, "தோத்திரம் சாமி" என்பார். உடல்நலத்தை வினவினால், "எனக்கென்ன சாமி, ஆண்டவர் புண்ணியத்திலே நல்லாத்தான் இருக்கேன்" என்பதே மாறாத மறுமொழி. நாமும் அதனை நம்பினோம். பத்து நிமிடங்களில் அடுத்த வீட்டிற்குப் புறப்பட்டுவிடுவோம்.

ஒருநாள் விடியற்காலையில் பால் கொண்டுவந்த பெண்மணி, அழைத்தும் கதவு திறக்கப்படாததைக் கண்டு அண்டை வீட்டாரைக் கூப்பிட்டார். அவர்கள் கதவைப் பெயர்த்து உள்ளே சென்றபோது, மூதாட்டி குளியலறையில் விழுந்து கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்திருந்தது. இரவு முழுவதும் அவர் அங்கேயே கிடந்திருக்கிறார்.

அன்று மருத்துவமனைத் தாழ்வாரத்தில் கூடியிருந்தோர் ஆளுக்கொன்று கூறினர். ஒரே மாதத்துப் பால் பணத்தை இருமுறை கொடுக்க வந்தாராம். அடிக்கடி சோறு தீய்ந்த வாடை வந்ததாம். அரிசி, பருப்பு வாங்குவதை விட்டு, ரொட்டி மட்டுமே வாங்கினாராம். தொலைபேசியில் ஒரே செய்தியை மும்முறை சொன்னாராம். சுவரைப் பற்றாமல் அவர் நடந்து நாம் கண்டு ஓராண்டாகிறது என்பது நமக்கும் அப்போதுதான் உறைத்தது. அவருடைய கட்டிலருகே இரத்த அழுத்த மாத்திரை அட்டைகள் பிரிக்கப்படாமலே அடுக்கியிருந்தன. ஒவ்வொருவரும் ஒரு துண்டினைக் கண்டிருந்தோம். அத்துண்டுகளைச் சேர்த்துப் பார்ப்பது தம் கடமை என்று எவரும் எண்ணவில்லை.

"எங்களுக்குத் தெரியாமப் போச்சே சாமி" என்று மகள் அழுதார். அந்த அழுகை உண்மையானது. ஆயினும் தெரியாமை நம்மை எந்த அளவிற்குக் குற்றத்தினின்று விடுவிக்கும்?

நம் அறநெறி இறையியல் அறியாமையை இருவகையாகப் பகுக்கிறது. எவ்வளவு முயன்றாலும் நீக்க இயலாத அறியாமை ஒன்று. தக்க கவனம் செலுத்தினால் நீங்கக்கூடியது மற்றொன்று. முன்னது குற்றமாகாது, பின்னது நம்மைச் சாரும். இவற்றிற்கும் அப்பால், அறிந்தால் கடமை வந்து சேருமே என்று அஞ்சி அறியாதிருக்க விரும்பும் மனநிலை ஒன்று உண்டு. இத்தகைய விரும்பிய அறியாமையைப் பற்றிப் புனித தோமா அக்குவினாசும் எழுதியுள்ளார். முதிய பெற்றோர் காரியத்தில் நம்மில் பலருடைய அறியாமை இம்மூன்றாம் வகையோ என ஐயுறுகிறோம்.

ஏனெனில், கண்டுவிட்டால் முடிவெடுத்தாக வேண்டும். யார் உடனிருப்பது? யார் வேலையைத் துறப்பது? யார் பணம் தருவது? இக்கேள்விகளைத் தள்ளிப்போடவே, "அம்மாவுக்கு வயதாகிறது, அவ்வளவுதான்" என்று நம்மை நாமே தேற்றிக்கொள்கிறோம். பெற்றோரும் இதற்குத் துணைபோகின்றனர். பிள்ளைகளுக்குச் சுமையாகிவிடக் கூடாதென்று தளர்ச்சியை மறைக்கின்றனர். இரு பக்கத்து அன்புமே ஒன்றையொன்று ஏமாற்றிக்கொள்கிறது.

எனவே காணக் கற்றுக்கொள்ள வேண்டும். அமெரிக்க மருத்துவர் சிட்னி காட்ஸும் அவர்தம் குழுவினரும் 1963-இல் ஆறு செயல்களை அளவுகோலாக வகுத்தனர்: குளித்தல், உடுத்தல், கழிப்பறை செல்லல், படுக்கையிலிருந்து எழுந்தமர்தல், சிறுநீரும் மலமும் அடக்கல், உண்ணல். இவற்றுள் பெரும்பாலும் குளியலே முதலில் கைநழுவும். உணவை வாய்க்குக் கொண்டு செல்லும் ஆற்றல் நெடுநாள் நிற்கும். 1969-இல் லாட்டன், பிராடி என்னும் இருவர் வேறு எட்டினைச் சேர்த்தனர்: தொலைபேசி, கடைக்குச் செல்லல், சமையல், வீட்டு வேலை, துணி துவைத்தல், பயணம், மருந்து, பணம். பொதுவாக இவ்வெட்டிலேதான் தளர்ச்சி முதலில் தலைகாட்டும். அம்மூதாட்டியின் பால் கணக்கும், தீய்ந்த சோறும், பிரிக்கப்படாத மாத்திரைகளும் இப்பட்டியலில் அடங்குவனவே. குளியலறையில் அவர் விழுவதற்கு நெடுநாள் முன்னரே அவை நமக்குச் செய்தி சொல்லிக்கொண்டிருந்தன.

ஓர் எச்சரிக்கையும் தேவை. திடீரெனத் தோன்றும் மனக்குழப்பம் யாவும் முதுமையன்று. சிறுநீர்த் தொற்று, உடலில் உப்புக் குறைதல், ஒவ்வாத மருந்து ஆகியவையும் முதியோரைத் தடுமாறச் செய்யும். இவை குணப்படுத்தத் தக்கவை. கண்புரையும் செவிக்குறையும்கூட அறிவு மங்கியதுபோல் தோற்றுவிக்கும். ஆதலின் மருத்துவரை நாடுவதே முதற்படி.

அடுத்து வருவது அளவு பற்றிய கேள்வி. குளிக்க உதவி வேண்டுபவருக்குக் குளிக்கத்தான் உதவி வேண்டும். அவர் கையிலுள்ள பணப்பையைப் பறிக்கும் உரிமை அதனால் நமக்கு வந்துவிடாது. இழந்ததை ஈடுசெய்வது பராமரிப்பு. எஞ்சியதையும் பறித்துக்கொள்வது ஆதிக்கம். யார் வரவேண்டும், எப்போது வரவேண்டும் என்று முதியவரையே கேட்பது அவர்தம் மாண்புக்கு நாம் செலுத்தும் கடன். அறிவு மங்கிய தந்தையிடமும் பொறுமையும் மதிப்பும் காட்டுமாறு சீராக்கின் ஞானநூல் மூன்றாம் அதிகாரத்தில் பணிக்கிறது. நான்காம் கட்டளைக்கு வயது வரம்பில்லை.

பாரம் ஒரே தோளில் ஏறுவதும் நீதியன்று. பல இல்லங்களில் மருமகள் ஒருத்தியே அனைத்தையும் சுமக்க, மற்றவர்கள் அறிவுரை மட்டும் அனுப்புகின்றனர். கூலிக்கு வருபவருக்கும் நியாயமான ஊதியமும் ஓய்வும் உரியவை. தமிழ்நாட்டில் 2021-இல் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் நீரிழிவு, இரத்த அழுத்த மருந்துகளும் இயன்முறைச் சிகிச்சையும் வீட்டிற்கே வருகின்றன. பெற்றோரைக் கைவிடுவோரைக் கேள்வி கேட்க 2007-ஆம் ஆண்டின் மூத்த குடிமக்கள் நலச் சட்டமும் உண்டு. ஆனால், தாயின் நடை மாறியிருப்பதை எந்தச் சட்டமும் நமக்காகக் கண்டு சொல்லாது.

அம்மூதாட்டி வீடு திரும்பினார். பிள்ளைகள் செலவைப் பகிர்ந்துகொண்டனர். அடுத்த தெருப் பெண்மணி ஒருவர் காலையும் மாலையும் வந்து குளிப்பாட்டி, மருந்து கொடுத்துச் சென்றார். கீரை ஆய்வதையும் அண்டை வீட்டுக் குழந்தைகளுக்குச் செபம் சொல்லித் தருவதையும் மட்டும் அவர் எவருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை. நாமும் அவ்வீட்டில் பத்து நிமிடத்தில் எழுவதை விட்டுவிட்டோம்.

அடுத்த முறை ஊருக்குச் செல்கையில் பெற்றோருடன் இரண்டு நாள் தங்கிப் பாருங்கள். அடுக்களையில் நில்லுங்கள், மாத்திரை அட்டையைக் கையில் எடுங்கள், இரவில் அவர்கள் எழுந்து நடப்பதைக் கவனியுங்கள். பால்காரரிடமும் பக்கத்து வீட்டாரிடமும் கேளுங்கள். "நல்லாத்தான் இருக்கேன்" என்ற சொல்லைக் கேட்டவுடன் எழுந்துவிடாதீர்கள். நாம் அவ்வாறு எழுந்து வந்த பிழையைத்தான் இங்கே அறிக்கையிட்டோம்.