வரிசையும் பிறர் ஹக்கும்

பொழுதுபோக்குப் பூங்காவில் ராட்டினம் ஏற நிற்கும் வரிசைக்கும் மார்க்கத்துக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்கக்கூடும். சம்பந்தம் இருக்கிறது. ஜும்ஆ நாளில் பிந்தி வந்து, அமர்ந்திருந்தோரின் பிடரிகளைத் தாண்டி முன்னேறிய ஒருவரை அண்ணல் நபி (ஸல்) அவர்கள் உட்காரச் சொல்லி, அவர் மக்களுக்குத் தொல்லை தந்துவிட்டதாகக் கண்டித்த செய்தியை நாம் அறிவோம். முதல் ஸஃப்பின் நன்மையை நாடிச் செல்பவருக்கே பிறர் பிடரியைத் தாண்ட அனுமதியில்லை என்றால், ராட்டினத்தை நாடிச் செல்பவருக்கு எப்படி இருக்கும்?

அமெரிக்காவில் ஃபுளோரிடா மாநிலத்திலுள்ள டிஸ்னி பூங்காக்களை எடுத்துக்கொள்வோம். அவற்றுள் 1971-ல் திறக்கப்பட்ட மேஜிக் கிங்டம் ஒன்றுக்கே இப்போது ஆண்டுக்கு ஒரு கோடிக்கும் மேற்பட்டோர் வந்து செல்கின்றனர். அங்குள்ள விதிகளில் இரண்டு நம் கவனத்துக்குரியவை. வரிசையில் முந்தக் கூடாது என்பது ஒன்று. மற்றவருக்காக இடம் பிடித்து வைக்கவும் கூடாது என்பது மற்றொன்று.

முதல் விதியை எவரும் மறுப்பதில்லை. இரண்டாவதில்தான் நல்லவர்களும் தடுமாறுகிறார்கள். தகப்பனார் ஒருவர் முக்கால் மணி நேரம் வெயிலில் நிற்கிறார். அவர் வாயிலை நெருங்கும் வேளையில், அதுவரை நிழலில் சிற்றுண்டி அருந்திக்கொண்டிருந்த மனைவி மக்கள் ஆறு பேர் வந்து அவரோடு சேர்ந்துகொள்கிறார்கள். "ஒரே குடும்பந்தானே" என்பது அவர்கள் சொல்லும் நியாயம். குடும்பம் ஒன்றுதான், ஆனால் நின்றவர் ஒருவர், ஏறுபவர் ஏழு பேர். அந்த ஆறு இடங்களும் பின்னால் நிற்பவர்களின் நேரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அவர்களிடம் யாரும் கேட்கவில்லை.

தனக்குள்ளதைப் பிறருக்கு விட்டுக்கொடுக்கும் ஈஸார் என்னும் பண்பை நம் மார்க்கம் வெகுவாகப் புகழ்கிறது. ஒரு முதியவருக்கு உங்கள் இடத்தைக் கொடுத்துவிட்டு நீங்கள் வரிசையின் கடைசிக்குச் சென்றால் அது ஈஸார். அவரை உங்களுக்கு முன்னால் நிறுத்தி, நீங்களும் அங்கேயே நின்றுகொண்டால், பின்னால் உள்ள ஐம்பது பேரும் ஓரிடம் பின்னுக்குப் போகிறார்கள். அடுத்தவர் பணத்தில் தருமம் செய்வதற்கு ஈஸார் என்று பெயரில்லை.

பெருமானார் (ஸல்) அவர்களிடம் பானம் ஒன்று கொண்டுவரப்பட்ட நிகழ்ச்சி புகாரி ஷரீஃபில் உள்ளது. வலப்புறம் ஒரு சிறுவர், இடப்புறம் பெரியவர்கள். வலப்புறத்தாருக்கே முறை என்பதால், பெரியவர்களுக்கு முதலில் தரலாமா என்று சிறுவரிடமே அனுமதி கேட்டார்கள். நாயகம் (ஸல்) அவர்களிடமிருந்து கிடைக்கும் பங்கை எவருக்கும் விட்டுத்தர மாட்டேன் என்று அவர் சொல்லவே, அவர் கையிலேயே கொடுத்துவிட்டார்கள். சிறுவன்தானே என்று ஒதுக்கவில்லை. பூங்கா வரிசைகளில் சிறு பிள்ளைகளைத்தான் நாம் எளிதாகத் தள்ளிக்கொண்டு போகிறோம் என்பதையும் இங்கே எண்ணிப் பார்க்கலாம்.

இனி, கடினமான பகுதிக்கு வருவோம். நிற்க இயலாதவர்களுக்காக டிஸ்னியில் முன்பு ஓர் உதவி அட்டை வழங்கப்பட்டது. அதை வைத்திருப்பவரும் அவர் குடும்பத்தாரும் பல இடங்களில் நீண்ட வரிசையில் நிற்காமலே செல்ல முடிந்தது. வசதி படைத்த சில குடும்பங்கள் மாற்றுத் திறனாளி ஒருவரைக் கூலிக்கு அமர்த்தி, தம்மோடு அழைத்துச் சென்று வரிசையைத் தாண்டுவதாக 2013 மே மாதம் செய்தி வெளியாயிற்று. அதே ஆண்டு அக்டோபரில் அட்டை நிறுத்தப்பட்டது. வரிசையின் நீளத்துக்கேற்ப ஒரு நேரம் குறித்துத் தந்து, அதுவரை வேறிடத்தில் காத்திருக்கச் செய்யும் முறை வந்தது. 2024-ல் அதுவும் இறுக்கப்பட்டது. பெரும்பாலும் ஆட்டிசம் போன்ற வளர்ச்சிக் குறைபாடு உள்ளோருக்கே அச்சலுகை என்றும், பொய் சொல்லிப் பெற்றது தெரிந்தால் நிரந்தரமாக நுழைவு மறுக்கப்படும் என்றும் அறிவித்தனர். வேறு நோயுள்ளவர்கள் பலர் தமக்குச் சலுகை கிடைக்கவில்லை என முறையிட்டனர். பொய் சொன்னவர்கள் அன்றே ஏறி மகிழ்ந்து வீடு திரும்பிவிட்டார்கள். தண்டனை மெய்யான நோயாளிகளின் மேல் விழுந்தது.

ஆட்டிசம் உள்ள ஓர் இளைஞரின் தாயார், காத்திருப்பதே தம் மகனுக்கு இயலாது என்று வழக்குத் தொடுத்தார். அவர் கேட்ட சலுகை பூங்கா நடத்தும் முறையையே மாற்றிவிடும் என்று கூறி 2020-ல் நீதிமன்றம் டிஸ்னிக்குச் சார்பாகத் தீர்ப்பளித்தது. என் உள்ளம் அந்தத் தாயின் பக்கமே சாய்கிறது. ஆயினும், வாயிலில் நிற்கும் ஊழியரைக் கல் நெஞ்சர் என்று ஏச எனக்கு நா எழவில்லை. வரிசையில் நிற்போர் அனைவரின் நேரமும் அவர் கையில் அமானத். தம் உணவில் பாதியை அவர் எவருக்கும் கொடுக்கலாம். அமானத்தில் கைவைத்துக் கருணை காட்ட அவருக்கு உரிமையில்லை. சலுகையைப் பொய்யிலிருந்து காப்பதும் நோயாளிக்குச் செய்யும் உதவியே.

கட்டணம் செலுத்தி விரைவு வழியில் செல்வதைப் பற்றியும் கேட்பார்கள். 1999 முதல் டிஸ்னியில் இலவசமாக இருந்த முன்பதிவு முறை, 2021-ல் கட்டண முறையாயிற்று. பூங்கா உரிமையாளர் வெளிப்படையாக அறிவித்து விற்கிறார். வாங்குபவர் பொய் சொல்லவில்லை. ஆகவே அதைத் திருட்டு என்று சொல்ல மாட்டேன். எனக்குப் பிடிக்கவில்லை என்பது வேறு விஷயம்.

உயரக் கோலை மட்டும் இவற்றோடு சேர்த்துக் குழப்பக் கூடாது. மேஜிக் கிங்டத்தில் ஸ்பேஸ் மவுண்டன் ஏற 44 அங்குல உயரம் வேண்டும். பிள்ளையின் காலணிக்குள் காகிதம் திணித்து அளவை எட்டச் செய்யும் பெற்றோர் ஏமாற்றுவது ஊழியரையல்ல. இருக்கையின் பிடிப்புக் கம்பி அந்த உயரத்துக்குக் குறைந்த உடலைச் சரிவரப் பிடிக்காது.

வரிசையில் நிற்கும்போது குழந்தைக்குச் சிறுநீர் முட்டினால் என்ன செய்வது? அமர்ந்த இடத்திலிருந்து எழுந்து சென்று திரும்புபவரே அவ்விடத்துக்கு அதிக உரிமையுடையவர் என்று முஸ்லிம் ஷரீஃபில் வந்துள்ளது. எனவே தாயும் குழந்தையும் சென்று தம் இடத்துக்கே திரும்பலாம். புறப்படுமுன் பின்னால் நிற்பவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் போகட்டும். திரும்பி வரும்போது சித்தியையும் மாமாவையும் சேர்த்து அழைத்து வராமல் இருக்கட்டும்.