கடன் என்னும் ஒரு சொல்: தீபாவளியை முன்னிட்ட சில சிந்தனைகள்

கடன் என்ற சொல்லுக்குத் தமிழில் இரு பொருள்கள் உள. திருப்பிக் கொடுக்கவேண்டிய பொருளைக் குறிப்பது ஒன்று. ஒருவர் தம் நிலைக்கேற்பச் செய்தே தீரவேண்டிய செயலைக் குறிப்பது மற்றொன்று. புறநானூற்றின் 312ஆம் பாட்டிலே தாய், தந்தை, கொல்லன், வேந்தன், இளைஞன் ஆகிய ஐவருக்கும் உரிய பணிகளைப் பொன்முடியார் கடன் என்ற இந்த ஒரே சொல்லால் வரையறுப்பதை நாம் அறிவோம். ஆயினும் சொல்லாராய்ச்சி இக்கட்டுரையின் நோக்கமன்று. பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவான ஒரு லயத்து அறைக்குள், 2024ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு முதல்நாள் இரவு, இவ்விரு பொருள்களும் ஒன்றோடொன்று முரண்பட்டு நின்றதை நான் கண்டேன். என் பக்கமே நியாயம் இருப்பதாக அன்று எண்ணினேன். அந்த எண்ணத்தை மீண்டும் ஆராய்வதே இங்கு என் முயற்சி.

எங்கள் லயம் பதுளையிலிருந்து பசறைக்குச் செல்லும் வீதியை விட்டு விலகி, நமுனுகுலை மலையின் சரிவிலே அமைந்துள்ளது. ஊவாத் தேயிலைக்கு உலகச் சந்தையிலே பெயர் தேடித்தந்த மணம் ஆடி, ஆவணி மாதங்களில் வறண்டு வீசும் கச்சான் காற்றிலே விளைவது. அக்காற்று ஓய்ந்து ஐப்பசி மழை தொடங்கும்போது தீபாவளி வந்து சேரும். ஆதலால் எங்கள் தீபாவளி பெரும்பாலும் நனைந்த தீபாவளியே. இஸ்தோப்பிலே விறகு அடுக்கியிருக்கும். கொழுந்துக் கூடையும் படங்கும் ஈரத்தோடு ஆணியில் தொங்கும். அடுப்புக்கு மேலே கட்டிய கொடியில் துணிகள் புகை மணத்தோடு உலரும். முறுக்கு எண்ணெயில் வேகும் ஒலியும் தகரக் கூரையில் மழை விழும் ஒலியும் சிறுவயதில் எனக்கு ஒரே ஒலியாகவே கேட்டன.

கொழும்பிலே கடைகளிலும் வீடுகளிலும் தொழில் செய்யும் பிள்ளைகள் தவறாது வீடு திரும்புவதும் இக்காலத்திலேதான். 1924ஆம் ஆண்டில் பதுளையை எட்டிய புகையிரதப் பாதை தோட்டங்களின் விளைபொருளைக் கீழே இறக்குவதற்காக மலையேறி வந்தது. தீபாவளிக்கு முந்திய இரவுகளில் அது மனிதரை மேலே ஏற்றி வருகின்றது. புறக்கோட்டையில் ஒரு துணிக்கடையில் நிற்கும் என் அக்கா அவ்வாறே வந்தாள். நான் பேராதனைச் சந்தியிலே அதே புகையிரதத்தில் ஏறி, இருக்கை கிடையாமல், அவளுடைய பயணப்பையின் மீது அமர்ந்து வந்தேன்.

வீட்டை அடைந்ததும் அம்மா எனக்கொரு புதிய சட்டையைக் காட்டினார். அதன் விலையை நான் கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது. லயத்தில் ‘அட்வான்ஸ்’ என்றும் செய்தித்தாளில் ‘முற்பணம்’ என்றும் கூறப்படும் பணமாக அம்மா 15,000 ரூபா பெற்றிருந்தார். நவம்பர் தொடங்கிப் பத்து மாதங்களுக்கு, மாதம் 1,500 ரூபா அவருடைய சம்பளத்திலிருந்து கழிக்கப்படும். அவ்வாண்டு செப்டெம்பரிலேதான் குறைந்தபட்ச நாட்சம்பளம் 1,350 ரூபா என வர்த்தமானியில் அறிவிக்கப்பட்டிருந்தது. அதன்படி அந்தத் தொகை பதினொரு நாள் உழைப்பு. ஒரு நாள் சிரிப்பதற்காகப் பதினொரு நாள் உழைப்பை அடகு வைப்பது அறிவுடைமை ஆகுமா என்று வினவினேன். பல்கலைக்கழகத்தில் பொருளியலையும் மெய்யியலையும் ஓரளவு கற்றவன் என்ற நினைவு எனக்கு இருந்தது போலும். அம்மா மாவைப் பிசைந்தவாறே, நிமிர்ந்து பாராமல், "வருசத்துக்கு ஒரு நா தம்பி. அதயும் கணக்குப் பாத்தா, மத்த நாளெல்லாம் என்னாத்துக்கு?" என்றார்.

என் வாதத்துக்கு ஆதாரமே இல்லை என்று கூறமுடியாது. இரத்தலுக்கு அஞ்சுவதைத் தனி அதிகாரமாக வகுத்தவர் வள்ளுவர். கடன் வாங்கிக் களிப்பதை நம் முன்னோர் போற்றியதில்லை. அன்றியும் கடன் என்பது எங்கள் மக்களின் வரலாற்றிலே வெறும் பணவிடயமன்று. பெரிய கங்காணிமாரின் காலத்திலே ‘துண்டு’ என்றொரு முறை இருந்தது. ஒரு தொழிலாளர் கூட்டம் முழுவதும் பட்டிருந்த கடன் எவ்வளவென ஒரு தாளிலே எழுதப்படும்; அத்தொகையைச் செலுத்தும் துரை அந்த மனிதரைத் தம் தோட்டத்துக்குப் பெற்றுக்கொள்வார். மனிதர் கடனைச் சுமந்தனர் என்பதைவிடக் கடனே மனிதரைச் சுமந்து சென்றது எனலாம். 1921ஆம் ஆண்டிலே சட்டத்தால் அம்முறை ஒழிக்கப்பட்டது. அதனை வாசித்தறிந்த ஒருவன் தன் தாயின் பெயர் மீண்டும் ஒரு கடனேட்டில் ஏறுவதைக் கண்டு கலங்குவது இயல்பே.

ஆனால் என் கலக்கம் தவறான முகவரியை நோக்கிச் சென்றது. முற்பணம் இனாம் அன்று, இரவலும் அன்று. அது இனிமேல் செய்யப்போகும் வேலைக்கான கூலியே. அப்படியிருந்தும் தீபாவளி நெருங்கும்போது அது ‘வழங்கப்பட்டது’ என்று செய்தி வரும். அதனைப் ‘பெற்றுக்கொடுத்ததாக’ மேடைகளில் உரிமை கோரப்படும். தன் கூலியின் ஒரு பகுதியைச் சற்று முன்னதாகப் பெறுகின்றவள் நன்றி செலுத்தவேண்டியவளாக ஆகிவிடுகின்றாள். கணக்கில் எழுதப்பட்ட ஒன்றைக் கொடையாக வேடமிட்டுக் காட்டுவது இது. ஒரு தாய் ஆண்டு முழுவதும் மழையிலும் வெயிலிலும் மலையேறியும் ஒரு பண்டிகைக்குரிய செலவு கையில் மிஞ்சுவதில்லை என்றால், கேள்வி கேட்கப்படவேண்டியது சம்பளம், முறுக்கு அன்று. நானோ முறுக்கைக் கேள்வி கேட்டேன். தோட்டத்துக் கணக்கு எழுதுபவருக்கும் எனக்கும் அந்த நேரத்தில் வேறுபாடு இருக்கவில்லை.

இத்துடன் நின்றிருந்தால் இதனை எழுதவேண்டிய தேவை எழுந்திராது. அதே இரவில் இன்னொரு பிழையும் செய்தேன். அது முதற்பிழையின் மறுதலை.

அக்கா க.பொ.த. சாதாரண தரத்தோடு படிப்பை நிறுத்தியவள். பரீட்சையில் தோற்று நின்றவள் அல்லள். இருவருக்கும் பஸ் கட்டணமும் கொப்பிகளும் வாங்க வழியில்லாத ஆண்டு அது. அப்பாவின் நோயும் அப்போதுதான் தொடங்கியது. பின்னர் என் உயர்தர வகுப்புச் செலவு அவளிடமிருந்தே மாதந்தோறும் வந்தது. அன்றிரவு மகாபொல உதவித்தொகையில் நான் மிச்சப்படுத்தியிருந்த சிறுதொகையை அவளிடம் நீட்டி, மிகுதியைத் தொழில் கிடைத்ததும் தந்துவிடுவதாகக் கூறினேன். மிகவும் கண்ணியமான காரியம் செய்வதாக எனக்குள் ஒரு நிறைவு. அவள் முகம் மாறிற்று. "நா என்ன ஒனக்கு வட்டிக்கா குடுத்தேன்?" என்றாள். பிறகு அவள் வெகுநேரம் என்னோடு பேசவில்லை.

தந்தைக்கு மகன் பட்ட கடன் ஒருபோதும் தீராது என்பது அரிஸ்ரோட்டிலின் கருத்து. நிக்கோமாக்கிய அறவியலின் எட்டாம் நூலிலே அவர், தந்தை மகனைக் கைவிடலாம், மகன் தந்தையைக் கைவிடலாகாது, ஏனெனில் கடன்பட்டவன் கடனை இறுத்தே ஆகவேண்டும் என்று நியாயம் காட்டுகின்றார். 1979ஆம் ஆண்டில் ஜேன் இங்கிலிஷ் என்ற அமெரிக்க மெய்யியலாளர் இதற்கு நேர்மாறான கருத்தை முன்வைத்தார். கேளாமலே மனமுவந்து செய்யப்பட்ட தியாகங்கள் கடனை உண்டாக்குவதில்லை. வளர்ந்த பிள்ளைகள் பெற்றோருக்குச் செய்வன அன்பினால் எழுவனவே தவிர, பெற்றதற்கு ஈடாகச் செலுத்தப்படுவன அல்ல என்பது அவர் வாதம். அக்காவின் சொல் இங்கிலிஷ் அம்மையாரின் பக்கம் நிற்பதாகத் தோன்றும். நானும் சில நாள் அவ்வாறு எண்ணி ஆறுதல் அடைந்தேன்.

அந்த ஆறுதலை இப்போது நான் ஐயுறுகின்றேன். மனமுவந்து என்ற சொல்லிலேதான் சிக்கல் இருக்கின்றது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தியிடம், "தம்பி படிக்கட்டும், நீ கொழும்புக்குப் போ" என்று வீடு கூறியபோது, மறுப்பதற்கு அவளுக்கு உண்மையில் இடமிருந்ததா? ஆண்பிள்ளை என்ற காரணம் அந்த முடிவில் ஒரு பங்கும் வகிக்கவில்லை என்று என்னால் சத்தியம் செய்ய இயலாது. மறுக்க வழியில்லாத ஒருத்தி கொடுத்ததை அன்பளிப்பு என்று அழைத்துவிட்டு நான் நிம்மதியாக உறங்கினால், கூலியைக் கொடை என்று அழைப்போரைக் குறைகூற எனக்கு என்ன தகுதி உண்டு? அன்பு என்னும் சொல் சில வேளைகளில் மிக வசதியான திரை. அதற்காக அவள் கொடுத்ததை ரூபா சதமாகக் கணக்கிட்டுத் திருப்புவதும் தகாது. அது, "இத்துடன் நமக்குள் ஒன்றுமில்லை" என்று கூறுவதற்கு ஒப்பாகும். அவள் முகம் மாறியது அதனாலேயே.

மறுநாட் காலையில் எண்ணெய் முழுக்கு முடிந்ததும், பலகாரத் தட்டுகளை அயலுக்குக் கொண்டுசெல்லும் வேலை வழமைபோல எனக்கே வந்தது. தொங்கற் காம்பராவில் தனியே வாழும் ஆயாவுக்கு ஒன்று, கீழே கிராமத்தில் அப்பாவோடு முன்பு வேலைசெய்த சிங்களக் குடும்பத்துக்கு ஒன்று, இவ்வாறு ஏழெட்டு. எங்கள் பக்கத்திலே தட்டை வெறுமையாகத் திருப்பும் வழக்கமில்லை. ஆயாவின் வீட்டில் அன்று பலகாரம் சுடவில்லை. அவர் தட்டைத் துடைத்து, இரண்டு கைப்பிடி சீனியை இட்டுத் தந்தார். சித்திரைப் புத்தாண்டில் கிராமத்திலிருந்து கொக்கிசும் கொண்டைப் பணியாரமும் எங்களிடம் வரும். கொடுத்தல், ஏற்றல், திருப்பியளித்தல் ஆகிய மூன்று கடப்பாடுகளால் சமூகங்கள் பிணைக்கப்பட்டுள்ளதைப் பிரெஞ்சு அறிஞர் மார்சல் மௌஸ் 1925இல் வெளிவந்த தம் ஆய்விலே பல தேச உதாரணங்களோடு விளக்கினார். அவர் கண்ட உண்மை எங்கள் லயத்திலே ஒரு சீனித் தட்டில் இருந்தது. அந்தச் சீனி எங்கள் பலகாரத்தின் விலை அன்று. தட்டு தொடர்ந்து நடமாட வேண்டும் என்பதற்கான அடையாளம் அது.

ஊவாவின் மழைக்காலம் இதனை வேறுவகையிலும் காட்டியுள்ளது. 2014ஆம் ஆண்டுத் தீபாவளி முடிந்து ஒரு வாரத்தில், ஒக்டோபர் 29ஆம் திகதி காலை, கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடிற்று. உயிர்தப்பியோருக்கு நாட்டின் பல பாகங்களிலிருந்தும் உணவும் உடையும் வந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின்போதும் பதுளை மாவட்டத்திலே அயலவர் அயலவருக்குச் சோறு சமைத்தனர். எவரும் அவற்றை எந்தப் பேரேட்டிலும் எழுதி வைக்கவில்லை. அதே வேளையில், சரிவில் லயம் இருப்பது தெரிந்தும் அங்கே மனிதரைக் குடியிருத்துவது பற்றிய கேள்வி அந்தச் சோற்றால் தீர்ந்துவிடவும் இல்லை. இரண்டும் இருவேறு கணக்குகள்.

ஏட்டிலே எழுதப்பட்டது முடிவதற்காகவே எழுதப்படுகின்றது. அம்மாவின் முற்பணம் 2025 ஓகஸ்டுச் சம்பளத்தோடு கழிந்து முடிந்தது. ஒக்டோபரில் அடுத்தது எழுதப்பட்டது. அதனைச் சதம் தவறாமல் கணக்கிட்டுக் கேட்க எங்களுக்கு உரிமையுண்டு; அங்கே உருக்கத்துக்கு இடமில்லை. அக்காவுக்கு நான் பட்டது எந்த ஓகஸ்டிலும் முடியப்போவதில்லை. முடியவேண்டும் என்று விரும்புவதே குற்றம். பொன்முடியார் கையாண்ட பொருளில் அது கடன், செய்யவேண்டியதாக நிற்பது. எதைச் செய்வது என்பதைத்தான் நான் அவளிடம் கேட்டிருக்கவில்லை. பணத்தை நீட்டினேனே அன்றி ஒரு கேள்வியை நீட்டவில்லை.

திரும்பும் நாளில், இஸ்தோப்பிலே நின்று, நான் அன்று பிழையாகக் கூறியதைக் கூறி, அவளுக்கு என்ன வேண்டும் என்று கேட்டேன். உடனே விடை வரவில்லை. சட்டை எனக்குச் சற்றுப் பெரிதாக இருப்பதாகவும் அடுத்த முறை அளவு சொல்லவேண்டும் என்றும் கூறினாள். பின்பு, உள்ளே அம்மா இருக்கின்றாரா என்று திரும்பிப் பார்த்துவிட்டு, "ஒன்னோட ஏ.எல். தமிழ் நோட்டெல்லாம் இன்னும் இருக்கா?" என்று கேட்டாள். தனிப்பட்ட பரீட்சார்த்தியாகத் தோற்றுவதற்கு எப்போது விண்ணப்பிக்க வேண்டும் என்றும் விசாரித்தாள். கட்டிலுக்கு அடியிலிருந்த பெட்டியில் கொப்பிகள் இருந்தன. இரண்டின் ஓரத்தை எலி அரித்திருந்தது. வெளியே மழை விடவில்லை. அக்கா சட்டை வந்த பொலித்தீன் பையைத் தேடி எடுத்து, கொப்பிகளை அதிலே இட்டு இறுகக் கட்டினாள்.