பூமிக்கு அடியில் வேலி இல்லை



ஆழ்துளைக் கிணறு போடும் லாரி தெருவில் வந்து நின்றால், அண்டை வீட்டார் முகம் வாடுவதைப் பார்த்திருப்பீர்கள். மனை ஒருவருடையது, பட்டாவும் அவருடையதே. அடியில் ஓடும் ஊற்று யாருடையது?

இக்கேள்வி நம் தெருவோடு நிற்பதன்று. லடாக்கில், சுமார் 4,400 மீட்டர் உயரத்தில், புகா என்னும் பள்ளத்தாக்கில் வெந்நீர் ஊற்றுகள் உண்டு. அந்த நிலவெப்பத்தைக் கொண்டு மின்சாரம் எடுக்க 2021-ல் ஒப்பந்தமாயிற்று. நிலக்கரி வேண்டாம், இரவும் பகலும் கிடைக்கும். நோக்கம் நல்லதே. ஆயினும் 2022 ஆகஸ்டில், துளையிடும்போது சுடுநீர் பீறிட்டுப் புகா ஓடையில் கலந்தது. அவ்வோடை சிந்து நதியில் சேர்வது. வேலையை நிறுத்த வேண்டியதாயிற்று.

தென் கொரியாவின் போஹாங் நகரில் நடந்தது இதனினும் பெரிது. அங்கே நிலவெப்பம் நாடி நாலு கிலோமீட்டருக்கு மேல் துளையிட்டு, நீரை அழுத்தத்துடன் உட்செலுத்தினார்கள். 2017 ஏப்ரலில் பூமி சிறிது அதிர்ந்தது. அதன் பின்னும் வேலை நடந்தது. நவம்பர் 15-ம் தேதி 5.5 அளவுள்ள பூகம்பம் வந்து, பலர் காயமுற்றனர், வீடிழந்தனர். அவ்வேலையே பூகம்பத்தைத் தூண்டியதென அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019-ல் கூறிற்று.

“எல்லாவற்றையும் முன்னறிந்தா ஒருவன் காரியம் செய்வான்?” என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. வைரமுனைக் குழாய் பாறையை வட்டமாய் அறுத்து இறங்குகிறது. நடுவே மிஞ்சும் பாறைத் தண்டை வெளியே எடுத்துச் சோதிக்கிறார்கள். அது துளை சென்ற வழிக்குச் சாட்சி சொல்லும். அதற்கப்பால் உள்ளதைச் சொல்லாது. நம் அறிவு கையகலம். செயலின் பலனோ ஊரகலம். ஆகையால் துளையிடுவதே பாவமென்று சொல்லோம். ஆனால் துளையிடுகிறவனுக்கு மூன்று கடமைகள் உண்டு: ஆபத்தை அயலானுக்கு முன்கூட்டிச் சொல்லுதல், முதல் எச்சரிக்கையிலேயே கையை நிறுத்துதல், நேர்ந்த நஷ்டத்தை ஈடு செய்தல்.

இதன் பொருள் பம்மலுக்கு நன்றாய்த் தெரியும். இங்கும் நாகல்கேணியிலும் தோல் பதனிடும் கழிவால் நிலத்தடி நீரில் குரோமியம் சேர்ந்ததை ஆராய்ச்சியாளர் கண்டனர். கழிவை விட்டவர் ஒருவர். கிணற்றை இழந்தவர் வேறொருவர்.

அடுத்த முறை லாரியை அழைக்குமுன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டிப் பேசினோமா? இன்றிரவு அவரவர் மனச்சாட்சியைக் கேட்டுப் பார்ப்போமாக.