காட்டுவதும் மறைப்பதும்

கையால் ஏதாவது ஒன்றைச் செய்து முடித்ததும் மனிதனுக்கு ஓர் ஆசை வருகிறது. அதை யாரிடமாவது காட்ட வேண்டும். முறுக்குப் பிழிந்தவள் முதல் ஈடு எடுத்தவுடன் பக்கத்து வீட்டுக்கு ஒரு தட்டில் அனுப்புகிறாள். கோலம் போட்டவள் இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று, தெருவில் யாராவது வருகிறார்களா என்று ஒரு முறை பார்த்துக் கொள்கிறாள். கதை எழுதுகிறவனைப் பற்றிச் சொல்லவே வேண்டாம்.

இந்த ஆசையில் பாவம் ஒன்றும் இல்லை என்பது என் கட்சி. ஆனால், காட்டும்போது எதைக் காட்டுகிறோம், எதை மறைக்கிறோம் என்பதில் ஒரு தர்மம் இருக்கிறது. அதை எனக்குக் கற்றுக் கொடுத்தது ஒரு பழைய கிடார்.

அது என் தாய்மாமாவுடையது. அவர் காலமான பிறகு பல வருஷங்கள் பரணில் கிடந்தது. வார்னிஷ் பாளம் பாளமாக வெடித்து, பார்க்கவே பரிதாபமாக இருந்தது. நாவல் ஒன்று பாதியில் நின்று போய், பேனாவைக் கண்டாலே கசந்த ஒரு கோடையில், அதைக் கீழே இறக்கி, நானே புதுப்பிப்பது என்று தீர்மானித்தேன். தந்திகளைக் கழற்றினேன். பழைய மெருகை உப்புத்தாளால் தேய்த்து எடுத்தேன். அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டுக் கரைத்து, பஞ்சு வைத்துக் கட்டிய துணிப் பொட்டலத்தால் மெல்லிய பூச்சாகப் பூசினேன். உலர விட்டு, லேசாகத் தேய்த்து, மறுபடியும் பூசினேன். இப்படி மூன்று வாரம். கடைசியில் மரத்தின் ரேகைகள் தேன் நிறத்தில் மின்னியபோது, என் முதல் கதை அச்சில் வந்த நாள் ஞாபகம் வந்தது.

கூடத்துச் சுவரில் அதை மாட்டினேன். வந்தவர்களெல்லாம் பார்த்தார்கள். "நீங்களா செய்தீர்கள்!" என்றார்கள். "ஆமாம், சும்மா ஒரு பொழுதுபோக்கு" என்றேன். அந்தச் 'சும்மா'வில் எவ்வளவு கர்வம் இருந்தது என்பது எனக்குத்தான் தெரியும்.

வேறொன்றும் எனக்கு மட்டுமே தெரிந்திருந்தது. விலை குறைந்த கிடார்களின் உடல் பெரும்பாலும் ஒட்டுப்பலகை. அழகுக்காக மேலே ஒட்டியிருக்கும் நல்ல மரத் தகடு ஒரு மில்லிமீட்டர் கனம்கூட இருக்காது. இதை அறியாமல், முதல் நாளே முரட்டு உப்புத்தாளை எடுத்து அழுத்தித் தேய்த்துவிட்டேன். பின்பலகையின் விளிம்பில் அந்தத் தகடு தேய்ந்தே போய், அடியில் குறுக்கே ஓடும் வெளிறிய மரம், ஒரு ரூபாய் நாணயத்தின் அகலத்துக்கு எட்டிப் பார்த்தது. மக்கு வைத்து, கறுப்புச் சாயம் கலந்து பூசி மறைத்தேன். பின்பக்கம் சுவரோடு சுவராகப் போய்விட்டது. அதைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

பக்கத்து வீட்டில் பதினேழு வயதுப் பையன் ஒருவன் இருக்கிறான். தகப்பனார் இல்லை. அவர் வாசித்த கிடார் ஒன்று அவனிடம் இருந்தது. என் கிடாரைப் பார்த்ததிலிருந்து அவனுக்கு நிலைகொள்ளவில்லை. "எப்படி மாமா பண்ணினீங்க? எனக்கும் சொல்லிக் குடுங்க" என்று வந்து நின்றான். நான் பெருமையோடு உட்கார்ந்து, ஒன்று, இரண்டு, மூன்று என்று எண் போட்டு, ஒரு தாளில் எழுதிக் கொடுத்தேன். மீதமிருந்த உப்புத்தாள்களையும் கொடுத்தேன். அந்த முரட்டுத் தாளும் அதில் இருந்தது. பதினான்கு குறிப்புகள் எழுதினேன். என் தவறு அவற்றில் ஒன்றாக இல்லை.

மறந்துவிட்டேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். மறக்கவில்லை. இரண்டாவது குறிப்பை எழுதும்போது அது நினைவுக்கு வந்தது. எழுதினால் அவன் என் கிடாரைத் திருப்பிப் பார்ப்பான் என்ற நினைவும் கூடவே வந்தது.

பத்து நாள் கழித்துப் பையனுடைய நடமாட்டத்தையே காணோம். அவன் தாயாரிடம் விசாரித்தேன். "அதை ஏன் கேக்கறீங்க? துணியிலே சுத்தி அலமாரி மேலே வெச்சிட்டான். ஒரு வார்த்தை பேச மாட்டேங்கறான்" என்றார்.

போய்ப் பார்த்தேன். முன்பலகையில், வட்டத் துளைக்குப் பக்கத்திலேயே, வெளிறிய திட்டு ஒன்று. என்னுடையதைவிடப் பெரிது, மறைக்க முடியாத இடம். "உங்களுக்குக் கை வந்திருக்கு, மாமா. எனக்கு வரல்லே. அப்பா கிடாரைக் கெடுத்துட்டேன்" என்றான்.

அந்த நிமிஷத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். "பரவாயில்லேடா, பார்த்துக்கலாம்" என்று முதுகில் தட்டிவிட்டு வீடு திரும்பினேன்.

எத்தனையோ கதாபாத்திரங்களுக்கு மனச்சாட்சியின் குத்தலை எழுதியிருக்கிறேன். அதெல்லாம் காகிதத்தில் எழுதியது. இது வேறு. இரண்டு இரவுகள் தூக்கம் பிடிக்கவில்லை. மரம் கெட்டது பெரிதல்ல. அந்தப் பிள்ளை தன்னைப் பற்றி ஒரு பொய்யை நம்பத் தொடங்கிவிட்டான். அந்தப் பொய்யை அவனுக்குக் கொடுத்தவன் நான்.

மூன்றாம் நாள் காலையில் சுவரிலிருந்து கிடாரை இறக்கி எடுத்துக்கொண்டு போனேன். அவன் மடியில் கவிழ்த்து வைத்தேன். கட்டைவிரலால் அந்தக் கறுப்பு விளிம்பைத் தடவிப் பார்த்தான். வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கோபமே இல்லாமல், "இதை முன்னாடியே சொல்லியிருக்கலாமே, மாமா" என்றான்.

அந்த ஒரு வாக்கியத்துக்கு இன்றுவரை என்னிடம் பதில் கிடையாது.

வாசகர்களில் சிலர் கேட்கலாம்: "அப்படியானால், விருந்துக்கு வந்தவர்களிடம், சாம்பாரில் முதலில் உப்பு அதிகமாகிவிட்டது, பிறகு தண்ணீர் விட்டுச் சரிக்கட்டினேன் என்று சொல்லிக் கொண்டா பரிமாறுவது?" நியாயமான கேள்வி. வேண்டியதில்லை என்றே நினைக்கிறேன். சாப்பிட வந்தவருக்கு ருசி போதும். ஆனால், அடுப்படிக்கு வந்து, "இதை எப்படிச் செய்தாய்?" என்று கேட்கும் பெண்ணிடம் உப்பு விஷயத்தை மறைப்பது வேறு. ரசிக்கிறவனுக்கு நாம் கொடுக்க வேண்டியது பொருள். கற்கிறவனுக்குக் கொடுக்க வேண்டியது வழி. வழியில் உள்ள பள்ளத்தைச் சொல்லாமல் வழி சொல்வது, வழி சொல்லாமலிருப்பதைவிடக் கெடுதல். வழி தெரியாதவன் வீட்டிலேயே இருந்திருப்பான்.

அரக்கைப் பூசிக் கொண்டிருந்தபோது எனக்கு ஏன் பாரதக் கதை ஞாபகம் வரவில்லை என்று பிற்பாடு யோசித்தேன். பாண்டவர்களுக்காகக் கட்டிய அரக்கு மாளிகை பார்வைக்கு எவ்வளவு அழகாக இருந்திருக்கும்! உள்ளே இருப்பது என்ன என்பதை விதுரன் குறிப்பாகச் சொல்லி வைத்தானே, அதனால் அல்லவா அவர்கள் பிழைத்தார்கள்? என் மெருகில் அவ்வளவு பெரிய சதி எதுவும் இல்லைதான். ஆனால் பையனுக்கு நான் விதுரனாகவும் இருக்கவில்லை.

இதற்கு நேர்மாறான ஒரு கிடார் இங்கிலாந்தில் இருக்கிறது. 1963-ம் ஆண்டில் பிரையன் மே என்ற பள்ளி மாணவர், கடையில் வாங்கப் பணம் போதாமல், தம் தந்தை ஹரோல்ட் மேயோடு சேர்ந்து வீட்டிலேயே ஒரு மின்சாரக் கிடார் செய்யத் தொடங்கினார். சுமார் இரண்டு வருஷ வேலை. கழுத்துக்கு, பழைய கணப்படுப்பின் மேல் இருந்த மரச் சட்டம். அதில் பூச்சி அரித்த துளைகள் இருந்தன. தீக்குச்சிகளைச் செருகி அடைத்தார்கள். அதிர்வு கொடுக்கும் விசைக்கு மோட்டார் சைக்கிளின் பழைய ஸ்பிரிங்குகள். கழுத்தின் மேலுள்ள வெள்ளைப் புள்ளிகள், தாயாரின் பெட்டியிலிருந்து எடுத்த முத்துச்சிப்பிப் பொத்தான்கள். பிற்பாடு அவர் 'க்வீன்' என்ற குழுவில் உலகப் புகழ் பெற்றார். 2002-ல் பக்கிங்ஹாம் அரண்மனையின் கூரை மேல் நின்று வாசித்ததும் அதே கிடாரைத்தான்.

பூச்சித் துளைகளை அடைத்த கதையை அவர் மறைக்கவில்லை. தாமே பலமுறை சொல்லியிருக்கிறார். அதைக் கேட்கும் ஏழைப் பையன் எவனும், "எனக்குக் கை வராது" என்று சொல்ல மாட்டான். "என் வீட்டிலும் தீக்குச்சி இருக்கிறதே" என்றுதான் நினைப்பான்.

இன்னொரு அபாயத்தையும் சொல்லிவிட வேண்டும். தவறுகளை ஒப்புக் கொள்வதிலேயே ஒரு ருசி உண்டு. "என்ன அடக்கம், என்ன நேர்மை!" என்று நாலு பேர் சொல்வதற்காகவே தன் பிழைகளைக் கடை பரப்புகிறவர்களும் இருக்கிறார்கள். இந்தக் கட்டுரையை எழுதும் எனக்கே அந்தச் சபலம் இல்லை என்று சத்தியம் செய்யத் துணிவில்லை. ஒரே ஒரு சோதனைதான் எனக்குத் தெரிகிறது. சொல்லும் தவறு கேட்பவனுக்கு உதவுகிறதா, சொல்பவனுக்கா? உதவி கேட்பவனுக்கு என்றால் சொல்ல வேண்டும், வெட்கமாக இருந்தாலும். வெட்கமாக இருந்தால் முக்கியமாகச் சொல்ல வேண்டும்.

பையனும் நானும் சேர்ந்து அவன் கிடாரை முடித்தோம். நன்றாகத்தான் வந்திருக்கிறது. ஆனால் கூர்ந்து பார்த்தால் அந்தத் திட்டு தெரியும். அவன் தகப்பனார் கைபட்டுத் தேய்ந்த பழைய மெருகு எங்கள் இருவராலும் திரும்பி வராது. சில தவறுகளை ஒப்புக் கொள்ளலாம். ஈடு செய்ய முடியாது.

சென்ற மாதம் அவன் கல்லூரி நண்பன் ஒருவன் அந்தக் குறிப்புத் தாளைக் கேட்டு வாங்கிப் போனான். போகும்போது என்னிடம் காட்டினான். இரண்டாவது குறிப்பின் பக்கத்தில், பையனின் கோணல் எழுத்தில், ஒரு வரி சேர்ந்திருந்தது: "முரட்டுத் தாள் வேண்டாம். மாமாவும் நானும் கெடுத்தோம்."

நான் எழுதியதில் இதுவரை எந்தப் பத்திரிகை ஆசிரியரும் செய்யாத நல்ல திருத்தம் அது.