டொக்டரும் அக்காவும்

நியூஜேர்சியில் நாங்கள் பரிமாறும் மேசைகளுக்கு டொக்டர் தம்பதிகள் வருவதுண்டு. இருவருக்கும் ஒரே படிப்பு. ஆனாலும் எங்கள் சனத்துக்குக் கணவர் 'டொக்டர்', மனைவி 'அக்கா'. அது அன்பு என்பார்கள். அன்பு ஏன் ஒருவரின் பட்டத்தை மட்டும் கழற்றுகிறது?

எங்கள் சனத்தை மட்டும் சொல்லிப் பயனில்லை. 2017இல் வெளியான மேயோ கிளினிக் ஆய்வொன்றின்படி, மருத்துவ விரிவுரைகளில் அறிமுகம் செய்த ஆண்கள், ஆண் பேச்சாளரை நூற்றுக்கு 72 தடவை 'டொக்டர்' என்றார்கள். பெண்களை 49 தடவை.

சொல்லில் குறைவது கதிரையிலும் குறையும். இதே மாநிலத்து வெஸ்ற்பீல்டில் பிறந்த வேர்ஜீனியா அப்கார், கொலம்பியாவில் 1938 முதல் மயக்கமருந்துப் பிரிவை நடத்தி வளர்த்தார். 1949இல் அது தனித்துறையானபோது அவர் பேராசிரியரானார்; தலைமையோ ஓர் ஆணுக்குப் போனது. பிறந்த குழந்தையின் மூச்சு, இதயத்துடிப்பு முதலிய ஐந்து அறிகுறிகளுக்குப் புள்ளியிடும் முறையை 1952இல் வகுத்தவரும் அவரே.

பட்டங்களே வேண்டாம், பெயர் சொல்லி அழைப்போம் என்று வாதிடலாம். நல்லது, அப்படியானால் இருவரிடமும் கழற்றுவோம். ஊரில் படித்த படிப்பு இங்கே செல்லாக்காசாகிப்போன அகதிகள் நாங்கள். உழைத்துத் தேடியதைப் பிறர் கண்டும் காணாமல் விடுவது என்னவென்று எங்களுக்குத் தெரியும். மரியாதை தானமல்ல; கொடுக்கவேண்டிய கடன்.