அளவுகோலை அளப்பவர் யார்?

பிறரை எடைபோடும் முன் தன்னைச் சோதித்துக்கொள்ள வேண்டும் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆனால், தன்னைத் தானே சோதிப்பது எங்ஙனம்? கோணல் கண்ணாடி தன் கோணலைத் தானே காண வல்லதோ? இவ்வினாவுக்குப் பழைய கருவியொன்று விடை பகர்கின்றது.

ஆஸ்டின் டவுனில் வாழும் நமக்கு மின்கருவிகள் அந்நியமல்ல. நமது பெங்களூரில் 1948-இல் இந்தியத் தொலைபேசித் தொழிற்சாலையும், 1954-இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் நிறுவனமும் தோன்றின. பழைய மின்கருவிகளுக்கு வேண்டிய உறுப்புகளை நாடுவோர் இன்றும் எஸ்.பி. சாலைக் கடைகளுக்கே செல்கின்றனர். அத்தகைய கருவிகளுள் ஒன்று ஆசிலாஸ்கோப் என்னும் அலைகாட்டி. கண்ணுக்குப் புலப்படாத மின்னழுத்தத்தின் ஏற்ற இறக்கத்தை ஒளிக்கோடாக வரைந்து காட்டுவது அதன் தொழில். 1897-இல் ஜெர்மானிய அறிஞர் பெர்டினாண்ட் பிரவுன் அமைத்த கதிர்க்குழாயே அதற்கு மூலம். டெக்ட்ரானிக்ஸ் நிறுவனம் 1972-இல் வெளியிட்ட 465 என்னும் அலைகாட்டி, கைப்பிடி பிடித்துத் தூக்கிச் செல்லத்தக்கது. அதனை இன்றும் செப்பனிட்டுப் பயன்படுத்துவோர் உளர்.

அதில் தெரியும் கோடு உண்மையில் கோடன்று. ஓடும் ஒரு புள்ளி. எலக்ட்ரான்கள் பாய்ந்து ஒளிரச் செய்யும் அப்புள்ளி, இடமிருந்து வலமாக ஓடுகின்றது. அளக்கப்படும் மின்னழுத்தம் அதனை மேலும் கீழும் அசைக்கின்றது. ஒவ்வோர் ஓட்டமும் அலையின் ஒரே நிலையில் தொடங்குமாறு செய்வது டிரிக்கர் என்னும் பகுதி. எண்ணற்ற ஓட்டங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்துவதால் கோடு அசையாது நிற்பதாகத் தோன்றுகின்றது. நூலாலையில் விரைந்து சுழலும் ஸ்பிண்டிலும், அதற்கு இசைய மின்னும் விளக்கொளியில் நிற்பதாகவே தெரியுமன்றோ?

பழுதுற்ற அலைகாட்டி இருண்டு கிடந்தால், அறியாதவன் குழாயைப் பழிப்பான். அறிந்தவனோ முதலில் மின்சாரம் வழங்கும் பகுதியைச் சோதிப்பான். ஏனைய யாவும் அதனைச் சார்ந்தே நிற்கின்றன. அங்கே சிறு கண்டென்சர் ஒன்று கெட்டாலும் கருவி முழுவதும் ஓய்ந்துவிடும். குற்றம் தெரியுமிடம் ஒன்று. அதன் காரணம் இருக்குமிடம் வேறு. அவசரமும் ஆகாது: உள்ளே பல்லாயிரம் வோல்ட் இயங்குகின்றது, இணைப்பை நீக்கிய பின்னும் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

கோடு தெரிந்தவுடன் வேலை முடிந்ததோ? இல்லை. இருள் தன் குறையைத் தானே சொல்லும். பிழையான ஒளியோ மெய்யான ஒளியைப் போலவே பளிச்சிடும். அதனை நம்பியவன் நல்ல வானொலியைக் கெட்டதென்று ஒதுக்கிவிடுவான். ஆகவே, வடிவம் முன்னரே அறியப்பட்ட சதுர அலையொன்றைக் கருவியே வழங்குகின்றது. புரோப் என்னும் அளவுமுனையை அதில் வைத்துப் பார்க்க வேண்டும். சதுரத்தின் மூலை மழுங்கினாலும், கொம்புபோல் நீண்டாலும், குறை அலையிலன்று, அளவுமுனையில். அதிலுள்ள சிறு திருகைத் திருப்பி, மூலை நேராகும்வரை சரி செய்த பின்னரே பிறவற்றை அளத்தல் தகும். அச்சதுர அலை தரும் பகுதியும் முதுமையால் பிழைபடலாம். அதனை வேறொரு நம்பகமான அளவோடு ஒப்பிட வேண்டும்.

விடை இதுவே: கோணல் கண்ணாடி தன்னையே நோக்கித் தன் கோணலை அறியாது, வடிவம் தெரிந்த பொருளை நோக்கினால் அறியும்.

நமக்கு அத்தகைய பொருள் எது? நாம் முழுதும் அறிந்த வாழ்க்கையே. அயலான் மகன் வேலைக்குத் தாமதமாக வந்தால் சோம்பேறி என்கிறோம். நம் மகன் தாமதித்தால், இரவெல்லாம் நோயாளிக்குக் காவலிருந்தான் என்று காரணம் கூறுகிறோம். செயல் ஒன்றே, அளவு மட்டும் இரண்டானது. அங்கேதான் மூலை மழுங்கியிருக்கிறது. திருகைத் திருப்ப வேண்டிய இடமும் அதுவே.

இன்னுமொன்று: அளவுமுனை எத்துணைச் சிறந்ததாயினும், தான் தொடும் மின்சுற்றிலிருந்து சிறிது மின்சாரத்தை இழுத்தே தீரும். அதிகாரத்தோடு விசாரிக்கும் மேஸ்திரியின் முன் தொழிலாளி அஞ்சிக் கூறும் சொல்லில், பாதி மேஸ்திரியின் நிழலாகும். அதனைக் கழிக்காமல் தீர்ப்பளிப்பவன் தன்னையே அளந்து, பிறன் குற்றமென்று எழுதுகிறான்.

ஆகவே, தீர்ப்புச் சொல்லாமல் வாழ்தல் இயலாதெனினும், திருகைத் தொடாமல் தீர்ப்புச் சொல்லுதல் அறமாகாது.